படகில் எல்.இ.டி. விளக்கு டிம்மருக்கு அடங்கவில்லையா? வரிசையாகப் பார்க்கும் முறை

வலை இழுக்கும்போது நல்ல வெளிச்சம் வேண்டும். இழுத்து முடித்துக் கரை பார்த்துத் திரும்பும்போது அதே வெளிச்சம்தான் கண்ணை மறைக்கும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். அதைக் கெடுக்க ஒரு வெள்ளை விளக்கும் சில வினாடிகளும் போதும். கூடுதாழை, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று நம் கரையில் அலை உடையும் இடத்தையும் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவையும் கண்ணால் பார்த்துத்தான் வள்ளத்தை ஏற்ற வேண்டியிருக்கிறது. அதனால் படகில் டிம்மர், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி, வைப்பதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

ஆனால் பழைய குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டிய நாளிலிருந்து டிம்மர் சொன்னபடி கேட்பதில்லை. குறையவே மாட்டேன் என்கிறது, இல்லையென்றால் மினுக்குகிறது, அணைத்தாலும் பூச்சியாக எரிகிறது, வயர்லெஸ்ஸில் இரைச்சல் கிளப்புகிறது. உடனே டிம்மர் போய்விட்டது என்று திசையன்விளைக்கோ வள்ளியூருக்கோ ஓடி இன்னொன்று வாங்கி வந்து மாட்டினால், பெரும்பாலும் அதுவும் அப்படியேதான் நடக்கும். காரணம், பல நேரம் இரண்டு பொருளுமே நல்லதாக இருக்கும். ஒன்றுக்கொன்று ஒத்துவராது, அவ்வளவுதான். எது எதோடு ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிக்கும் வழியை இங்கே 12 வோல்ட் டி.சி. படகை வைத்துச் சொல்கிறோம். 24 வோல்ட் விசைப்படகுக்கு வோல்ட் அளவையும் ஆம்பியர் கணக்கையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். பைக் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 10 வாட் பல்பு ஒன்று, ஹோல்டரோடு. அதில் அரை மீட்டர் நீளத்துக்கு இரண்டு வயரும் முதலை கிளிப்பும் பொருத்திக்கொள்ளுங்கள். இந்த இண்டிகேட்டர் பல்பில்தான் பாதி வேலை முடியும்.

முதலில் பல்பைப் போட்டுப் பாருங்கள்

எல்.இ.டி. விளக்கின் இரண்டு வயரையும் டிம்மரிலிருந்து கழற்றிவிட்டு அந்த இடத்தில் இண்டிகேட்டர் பல்பைக் கொடுங்கள். திருகியைக் கீழிருந்து மேலே மெதுவாகத் திருப்புங்கள். பல்பு சிவந்து, மஞ்சளாகி, வெளுத்து எரிந்தால் டிம்மர் நன்றாக இருக்கிறது. கோளாறு விளக்கிலோ அதற்குப் போகும் வயரிலோ இருக்கிறது. பல்பும் குறையாவிட்டால் டிம்மரையும் அதற்கு வரும் கரண்டையும் பாருங்கள்.

பல்பு எரியும்போதே மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து பல்பின் இரண்டு முனையிலும் தொடுங்கள். இன்று கடையில் கிடைக்கும் டிம்மர்கள் வோல்ட்டைக் குறைப்பதில்லை. முழு வோல்ட்டையே வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடுகின்றன, பி.டபிள்யூ.எம். என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான். மீட்டர் அந்த வெட்டுகளின் சராசரியைக் காட்டும். பேட்டரியில் 12.6 இருந்து திருகி நடுவில் நின்றால் ஏறக்குறைய 6.3 காட்ட வேண்டும். எதையும் மாட்டாமல் வெறும் டிம்மர் முனையில் அளந்தால் மீட்டர் தாறுமாறாகக் காட்டும். அதை நம்ப வேண்டாம்.

இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல் எதையும் பிரிக்காதீர்கள்.

உங்களிடம் இருப்பது என்ன டிம்மர்?

வீட்டு ஃபேன் ரெகுலேட்டரைப் படகில் மாட்டிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. அது 230 வோல்ட் ஏ.சி.க்குச் செய்தது. ஐந்து படி கொண்ட ரெகுலேட்டருக்குள் கண்டென்சர் இருக்கிறது, கண்டென்சர் டி.சி.யைக் கடத்தாது. அதனால் 1 முதல் 4 வரை விளக்கு எரியாது, 5-இல் நேரடி இணைப்பு என்பதால் முழுதாக எரியும். சுற்றும் திருகி வைத்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்கு வேலை தொடங்கவே 30 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட்டில் அது அசையாது. விசைப்படகில் இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் விளக்கு எரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சைன் வேவ் தராத மலிவு இன்வெர்ட்டரில் இந்த வகை டிம்மர் ஒழுங்காக ஓடாது. அங்கே டிம்மர் ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

லாரி டேஷ்போர்டிலிருந்து எடுத்த பழைய ரியோஸ்டாட், அதாவது கரண்டைத் தடுத்துக் குறைக்கும் கம்பிச்சுருள், சில கேபின்களில் இன்னும் இருக்கிறது. குண்டு பல்புக்கு அது அருமையான பொருள். கணக்கைப் பாருங்கள்: 20 வாட் பல்பு 1.7 ஆம்பியர் இழுக்கும். 10 ஓம் ரியோஸ்டாட் அதைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். அதே இடத்தில் 3 வாட் எல்.இ.டி. போட்டால் இழுப்பது 0.25 ஆம்பியர்தான். 10 ஓம் முழுதும் குறுக்கே இருந்தாலும் ஏறக்குறைய இரண்டரை வோல்ட்தான் குறையும். உள்ளே டிரைவர் வைத்த எல்.இ.டி. அந்தக் குறைவைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. ரியோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு பி.டபிள்யூ.எம். டிம்மர் போடுங்கள்.

விளக்குக்குள்ளே இருப்பது ரெசிஸ்டரா, டிரைவரா?

எல்.இ.டி. விளக்கு வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே இரண்டு சாதிதான். ஸ்ட்ரிப் லைட்டில் மூன்று மூன்று எல்.இ.டி.க்கு நடுவே பொடிசாக ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கும். வெட்டுவதற்குக் கத்தரி அடையாளமும் இருக்கும். இது பி.டபிள்யூ.எம். டிம்மருக்கு அப்படியே அடங்கும். மற்றது, உள்ளே டிரைவர் சர்க்யூட் வைத்தது. உறையில் 10–30 வோல்ட் அல்லது 9–32 வோல்ட் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் இந்தச் சாதி. பேட்டரி ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வெளிச்சம் கொடுப்பதுதான் டிரைவரின் வேலை. நீங்கள் டிம்மரால் குறைக்கக் குறைக்க, அது ஈடுகட்டிக்கொண்டே இருக்கும்.

உறையில் எழுத்து அழிந்துவிட்டால் கரண்ட்டை அளந்து தெரிந்துகொள்ளலாம். டிம்மர் இல்லாமல் விளக்கை நேராகப் பேட்டரியில் கொடுத்து, நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து ஒரு தடவை அளவெடுங்கள். பிறகு சார்ஜர் போட்டு வோல்ட் 14 பக்கம் ஏறியதும் மறுபடி அளவெடுங்கள். வோல்ட் ஏற ஏற ஆம்பியரும் ஏறினால் ரெசிஸ்டர் சாதி. வோல்ட் ஏறும்போது ஆம்பியர் இறங்கினால் டிரைவர் சாதி. 6 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 0.50 காட்டி, 14.4-இல் 0.42-க்கு வரும். அளந்து முடித்ததும் மீட்டரின் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து அப்படியே பேட்டரியைத் தொட்டால் அது நேர் ஷார்ட்.

டிரைவர் விளக்கை பி.டபிள்யூ.எம். டிம்மரில் கொடுத்தால் நடப்பது இது: முக்கால் சுற்று வரை எதுவும் மாறாது, அதற்குப் பிறகு துடிக்கத் தொடங்கும், அப்புறம் பட்டென்று அணையும். வினாடிக்கு 200 தடவை வெட்டும் டிம்மரில் ஒரு சுற்றுக்கு 5 மில்லி வினாடி. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கரண்ட் விட்டால் அரை மில்லி வினாடி. அதற்குள் டிரைவர் விழித்தெழக்கூட நேரம் இல்லை. போதாததற்கு டிரைவரின் முகப்பில் இருக்கும் கண்டென்சர் ஒவ்வொரு வெட்டுக்கும் குப்பென்று கரண்டை இழுக்கும். டிம்மர் சூடேறிச் சாவது இதனால்தான். தொட்டுப் பார்த்தால் விளக்கு சின்னது, டிம்மர் மட்டும் கொதிக்கும்.

இதற்கு மருந்து டிம்மரில் இல்லை. விளக்கு வாங்கும்போதே 12 வோல்ட் டிம்மபிள் என்று எழுதியதைக் கேட்டு வாங்க வேண்டும். டிம்மிங்குக்கென்று மூன்றாவது வயர் வெளியே வரும் விளக்கு என்றால் இன்னும் உத்தமம். இருக்கிற விளக்கைத் தூக்கிப்போட மனம் வராதவர்கள் டிம்மரை எடுத்துவிட்டு இரண்டு விளக்காகப் பிரித்துவிடலாம்: வேலைக்கு வெள்ளை, ஓட்டத்துக்குச் சின்னச் சிவப்பு ஸ்ட்ரிப், நடுவே ஒரு இருவழிச் சுவிட்ச். 30 அடி ஃபைபர் வள்ளத்துக்கு இதுதான் சரியான ஏற்பாடு என்பது எங்கள் முடிவு. சுவிட்சில் கெட்டுப்போக அதிகம் கிடையாது. சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுப்பதும் இல்லை.

டிம்மர் வெட்டுவது மைனஸை

விளக்கு ரெசிஸ்டர் சாதிதான், இண்டிகேட்டர் பல்பும் நன்றாகக் குறைகிறது. ஆனால் விளக்கை அதன் இடத்தில் மாட்டினால் முழு வெளிச்சத்தில் நிற்கிறது, டிம்மரை அணைத்தாலும் எரிகிறது. இதில்தான் கைதேர்ந்த எலக்ட்ரீஷியனும் அரை நாள் சுற்றுவார். வீட்டு வயரிங் பழகிய கைக்கு, சுவிட்ச் என்றால் ஃபேஸில் இருக்க வேண்டும், நியூட்ரல் பொதுவாக ஓடலாம். அந்த வழக்கத்தில் படகிலும் எல்லா விளக்கின் மைனஸையும் ஒரே கம்பியில் சேர்த்துவிடுகிறோம். ஆனால் கடையில் கிடைக்கும் மலிவு பி.டபிள்யூ.எம். டிம்மர்களில் பெரும்பாலானவை பிளஸை நேராக விட்டுவிட்டு மைனஸைத்தான் வெட்டுகின்றன.

சோதிக்க, டிம்மரின் எல்லா வயரையும் கழற்றிவிட்டு மீட்டரை பீப் சத்தம் போடும் இடத்தில் வையுங்கள். உள்ளே வரும் பிளஸ்ஸையும் வெளியே போகும் பிளஸ்ஸையும் தொட்டால் பீப் அடிக்கிறதா? அடித்தால் அது மைனஸ் வெட்டும் டிம்மர். அப்படியானால் விளக்கின் மைனஸ் வயர் வேறெங்கும் தொடாமல் தனியாக ஓடி வந்து டிம்மரின் வெளி மைனஸில் மட்டும் சேர வேண்டும். பொதுக் கம்பியில் சேர்த்த கணமே கரண்ட் டிம்மரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இரண்டு டிம்மரின் வெளி மைனஸையும் ஒன்றாக முறுக்கிவிட்டாலும் கோளாறுதான்: ஒன்றைத் திருப்பினால் இரண்டு விளக்கும் ஆடும்.

இரும்பு உடம்பு விசைப்படகிலும் அலுமினியக் கேபினிலும் இதே கோளாறு திருட்டுத்தனமாக வரும். சில விளக்குகளில் மைனஸ் உள்ளுக்குள்ளேயே விளக்கின் உடம்போடு சேர்ந்திருக்கும். திருகு போட்டு இறுக்கியதும் மைனஸ் படகு உடம்பு வழியாகப் பேட்டரிக்குப் போய்விடும். மேசையில் வைத்துப் பார்த்தால் நன்றாக அடங்கும், மாட்டினால் அடங்காது என்றால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். விளக்குக்கும் உடம்புக்கும் நடுவே ரப்பர் ஷீட் வெட்டி வைத்து, திருகுக்கு பிளாஸ்டிக் வாஷரும் புஷ்ஷும் போடுங்கள்.

மைனஸ் வெட்டும் டிம்மரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அணைத்த பிறகும் விளக்கு வரைக்கும் பிளஸ் உயிரோடு நிற்கும். ஈரத்தில் அந்த வயர் நைந்தால் இரவெல்லாம் பேட்டரி கசியும். ஆகவே டிம்மருக்கு முன்னால் பிளஸ்ஸில் தனிச் சுவிட்ச் ஒன்று கட்டாயம். கரையேறியதும் அதை அணையுங்கள்.

மினுக்கல்

எப்போது மினுக்குகிறது என்று கவனித்தால் காரணம் தானே தெரிந்துவிடும். திருகியைத் திருப்பும்போது மட்டும் என்றால், உள்ளே இருக்கும் கார்பன் தடத்தில் உப்பு ஏறியிருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்புங்கள். அலை தூக்கி அடிக்கும்போது என்றால் லூஸ் கான்டாக்ட். டிம்மரை விட்டுவிட்டு ஃபியூஸ் ஹோல்டரையும் பேட்டரி கிளாம்பையும் அசைத்துப் பாருங்கள். பேட்டரி இறங்கும் நேரத்தில் என்றால் வோல்ட். சும்மா இருக்கும் பேட்டரியில் 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்தது, 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையத் தீர்ந்தது. தீர்ந்த பேட்டரியில் ஜி.பி.எஸ்., ஆழம் பார்க்கும் எக்கோ எல்லாம் ஓடும்போது டிம்மரின் சில்லு பட்டினி கிடந்து அணைந்து அணைந்து எழும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் மினுக்கினால் சார்ஜ் ஆகும் வோல்ட்டைப் பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை சரி. ரெகுலேட்டர் இல்லாத சிறிய அவுட்போர்டின் சார்ஜ் காயில் அதைத் தாண்டியும் தள்ளும். ஸ்ட்ரிப் லைட்டுக்கு இது நல்லதல்ல: 12 வோல்ட்டுக்குக் கணக்கிட்ட ரெசிஸ்டரின் மேல் 14.4 விழுந்தால் எல்.இ.டி.யில் பாயும் கரண்ட் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். ஒரு பருவத்திலேயே ஸ்ட்ரிப் துண்டு துண்டாகக் கறுப்பது இதனால்தான். டிம்மருக்கு முன்னால், எத்தனை வோல்ட் வந்தாலும் 12 ஆக்கிக் கொடுக்கும் டி.சி. ஸ்டெபிலைசர் ஒன்று போட்டால் தீரும். டிம்மருக்குப் பின்னால் போடக்கூடாது. அங்கே அது டிரைவர் செய்யும் தொல்லையையே செய்யும்.

நேரே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, தலையைத் திருப்பினால் விளக்கு புள்ளி புள்ளியாக ஓடுகிறது, செல்போன் கேமராவில் பட்டை பட்டையாகத் தெரிகிறது என்றால், டிம்மர் மிக மெதுவாக வெட்டுகிறது. வினாடிக்கு நூறு இருநூறு வெட்டு உள்ளதை மாற்றி, ஆயிரத்துக்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். கேபினுக்கு இது கண் உறுத்தலோடு போகும். வின்ச்சுக்கு மேலே அப்படிப்பட்ட விளக்கைத் தொங்கவிடவே கூடாது. வெட்டும் வேகமும் உருளை சுற்றும் வேகமும் ஒத்துப்போனால், சுற்றுகிற வின்ச் நின்றது போலக் கண்ணுக்குத் தெரியும். கை போகும்.

பாதிக்கு இறக்கியும் வெளிச்சம் குறையவில்லையே என்பது கோளாறு இல்லை. கண்ணின் சுபாவம் அப்படி. வெளிச்சத்தைப் பத்தில் ஒன்றாக இறக்கினாலும் கண்ணுக்கு மூன்றில் ஒன்று போலத்தான் தெரியும். ஓட்டத்துக்குத் திருகி கடைசிக் கால் சுற்றில்தான் நிற்கும். அந்தக் கால் சுற்றில் மிருதுவாக நகரும் டிம்மரைத் தேர்ந்தெடுங்கள்.

அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிந்தால், டிம்மருக்குள்ளே இருக்கும் குறிவிளக்கின் வழியாகச் சிறு கரண்ட் கசிகிறது. குண்டு பல்பு அதைக் காட்டாது, எல்.இ.டி. காட்டிவிடும். விளக்கின் இரண்டு முனைக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால் அந்தக் கசிவு அதன் வழியே போய்விடும்.

உப்பு

துறைமுகத்தில் நிற்கும் படகுக்கும், தினமும் அலைக்குள் இறங்கி மணலில் ஏறும் வள்ளத்துக்கும் வயரிங் ஒன்றாக இருக்க முடியாது. வள்ளம் கரை ஏறும் அடியில் இணைப்பெல்லாம் ஆடுகிறது, கச்சான் காற்று காலத்தில் மணலும் சாரலும் ஒன்றாக வந்து அப்புகிறது. இன்சுலேஷன் டேப் சுற்றிய முறுக்கு இணைப்பு ஒரு மாதம் தாங்கினால் அதிகம். டேப் ஈரத்தைத் தடுப்பதில்லை. உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது.

இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். செம்பு பச்சைக் களிம்பு பூத்திருந்தால் முனையை மட்டும் நறுக்கிப் பிரயோசனமில்லை. உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே உறிஞ்சி உள்ளே ஏறியிருக்கும். பளபளப்பான செம்பு தெரியும் வரை விரற்கடை விரற்கடையாக வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு முழம் போனாலும் போகட்டும். புது வயர் போடுவதானால் வெள்ளீயம் பூசிய பல இழை வயராகக் கேளுங்கள். வயர் முனையில் மாட்டும் லக்கை கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, உள்ளே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, இரண்டு பக்கமும் பசை பிதுங்கி வரும்வரை சூடு காட்டுங்கள். வெறும் ஈயப்பற்று மட்டும் வைத்து விட்டால், பற்று முடிகிற இடத்தில் வயர் விறைத்து, ஆட ஆட அங்கேயே முறியும்.

ஸ்ட்ரிப்பை வெட்டிய முனையை மூட சிலிக்கான் பூசுகிறோம். மூக்கில் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அது காயும்போது வெளியாகும் அமிலமே செம்பை அரித்துவிடும். வாடை இல்லாத நியூட்ரல் க்யூர் வகை கேட்டு வாங்குங்கள்.

டிம்மர் கடலில் நனைந்துவிட்டதா? வெயிலில் காயவைப்பது முதல் வேலை அல்ல. தண்ணீர் காயும், உப்பு அங்கேயே நிற்கும். கரண்டை எடுத்துவிட்டு மூடியைக் கழற்றி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் நன்றாக அலசுங்கள். கடற்கரைக் கிணறுகள் பல உவர். அந்தத் தண்ணீரில் கழுவினால் கழுவாததற்குச் சமம். பல் துலக்கும் பிரஷ்ஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, ஒரு நாள் நிழலில் காற்றாட வைத்து, பிறகு இண்டிகேட்டர் பல்பில் சோதியுங்கள். தேறினால் மறுபடி மூடுமுன் போர்டின் மேல் ஈரம் தடுக்கும் பி.சி.பி. லாக்கர் அடியுங்கள், திருகியின் தடத்தில் படாமல்.

வயர் தடிமனும் ஃபியூஸும்

பேட்டரி பின்பக்கம், விளக்கு அணியத்தில், நடுவே 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 16 மீட்டர் வயர். மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள 5050 ஸ்ட்ரிப் மீட்டருக்கு 14.4 வாட், அதாவது 1.2 ஆம்பியர், இரண்டு மீட்டர் போட்டால் 2.4 ஆம்பியர். முக்கால் ஸ்கொயர் (0.75 சதுர மில்லிமீட்டர்) வயரில் இதற்கு 0.9 வோல்ட் வழியிலேயே தொலையும். ஒன்றரை ஸ்கொயரில் 0.45, இரண்டரை ஸ்கொயரில் 0.27. முக்கால் ஸ்கொயர் வயரும், பாதி தீர்ந்த பேட்டரியும் சேர்ந்தால் விளக்குக்கு 11 வோல்ட் போய்ச் சேருவதே பாடு. அதற்கு டிம்மரைக் குறை சொல்லி என்ன?

வழியில் எங்கே தொலைகிறது என்று பார்க்க, விளக்கை முழுதாக எரியவிட்டு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறு முனையை டிம்மருக்கு வரும் பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கூடினால் ஃபியூஸ், சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி வைத்துப் பாருங்கள்; எந்த இடத்தில் எண் சட்டென்று ஏறுகிறதோ அங்கே களிம்பு. மைனஸ் பக்கமும் இதே போல.

8 ஆம்பியர் என்று எழுதிய மலிவு டிம்மரை 4 ஆம்பியருக்கு மேல் நம்பாதீர்கள். இந்த அளவு விளக்குக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அது பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குப் பக்கம் ஃபியூஸ் வைத்தால் நடுவே நைந்த வயர் தீப்பிடிப்பதை அது தடுக்காது. பேட்டரியைத் தினமும் வீட்டுக்குத் தூக்கிப்போய்ச் சார்ஜ் போடுகிறவர்கள் கிளாம்பை மாற்றி மாட்டாதபடி பிளஸ்ஸில் சிவப்பு பெயின்ட் அடித்துவையுங்கள். ஒரு தடவை தலைகீழாகக் கொடுத்தால் பாதுகாப்பு இல்லாத டிம்மர் அந்தக் கணமே போகும். பத்து மணி நேரம் முழு வெளிச்சத்தில் இந்த ஸ்ட்ரிப் 24 ஆம்பியர் மணி தின்னும். 30 சதவீதத்தில் வைத்தால் 7 சொச்சம்தான். பேட்டரியைத் தோளில் சுமக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

மொத்த வயரிங்கையும் மாற்ற நினைக்கும் விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலமே தோது.

வயர்லெஸ் இரைச்சல்

இதை அலட்சியம் செய்யக் கூடாது, ஏனென்றால் பல நேரம் இரைச்சலே கேட்காது. எதிர்க்குரல்தான் கேட்காமல் போகும். டிம்மரும் டிரைவரும் கரண்டை வெட்டும் வேகத்தில் வானொலி அலையும் எழும். கடல் வி.ஹெச்.எஃப். ஓடும் 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை அது பரவும். அபாய அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8-இல் இருக்கிறது. எல்.இ.டி. விளக்குகள் வி.ஹெச்.எஃப்.பையும், கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் ஏ.ஐ.எஸ்.ஸையும் அமுக்குவதாக அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் எச்சரிக்கையே விட்டது. அதில் சொன்ன சோதனை எளிது. விளக்கெல்லாம் அணைத்து, யாரும் பேசாத சேனலில் வைத்து, ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகி) இரைச்சல் அடங்குகிற இடத்தில் சரியாக நிறுத்துங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். மறுபடி இரைச்சல் கிளம்பினால் குற்றவாளி அந்த விளக்கு. டிம்மரை முழுதிலும், பாதியிலும், கடைசிக் கால் சுற்றிலும் வைத்துத் தனித்தனியாகப் பாருங்கள். பாதியில்தான் மோசமாக இருக்கும் டிம்மர்கள் உண்டு.

டிம்மரிலிருந்து விளக்குக்குப் போகும் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுங்கள், நீளத்தைக் குறையுங்கள், ஆன்டெனா கேபிளிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளுங்கள். டிம்மரை ஒட்டிய இடத்தில் இரைச்சலை வடிகட்டும் ஃபெரைட் கிளிப் மாட்டி, வயரை அதற்குள் மூன்று சுற்றுச் சுற்றுங்கள். இத்தனைக்கும் அடங்காத விளக்கைப் படகில் வைத்திருக்காதீர்கள்.

டிம்மர் போடக் கூடாத விளக்குகள்

பக்கவிளக்கு, பின்விளக்கு, கம்ப விளக்கு எதிலும் டிம்மர் கூடாது. அவற்றுக்குத் தனி ஃபியூஸ், தனி வயர். சர்வதேசக் கடல் விதிப்படி 12 மீட்டருக்குக் குறைந்த படகின் சிவப்பு, பச்சைப் பக்கவிளக்கு 1 கடல் மைலுக்கும், வெள்ளை விளக்கு 2 கடல் மைலுக்கும் தெரிய வேண்டும். மீன்பிடிக்கும்போது இழுவை மடிக்குப் பச்சைக்குக் கீழே வெள்ளை, மற்ற வலைகளுக்குச் சிவப்புக்குக் கீழே வெள்ளை. இழுவை மடி அல்லாத வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டு கிடந்தால் அது கிடக்கும் பக்கம் இன்னொரு வெள்ளை. வேலை விளக்கின் கூச்சத்தில் இவை மறைந்துபோகக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது. அதனால் வேலை விளக்கைத் தளத்தைப் பார்த்துக் கவிழ்த்து, மேலே தகரத் தட்டு ஒன்று மறைப்பாக வையுங்கள். மீனைக் கூட்டுவதற்காக எல்.இ.டி. எரிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்துவிட்டது என்பதும் நினைவிருக்கட்டும். இங்கே சொன்ன எதுவும் அந்த வேலைக்கு அல்ல.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஒரு நாள் பொழுது சாய்ந்து அரை மணி கழித்து, வள்ளம் மணலில் நிற்கும்போதே விளக்கை ஓட்ட வெளிச்சத்தில் வைத்துவிட்டு அணியத்தில் நின்று கடலைப் பாருங்கள். அலை உடையும் வெள்ளைக் கோடு தெரிகிறதா? தெரியும் வரை திருகியை இறக்கி, அந்த இடத்தில் அழியாத மையால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.